நாலு கிலோ நாயின் இழுப்பு

கிருஷ்ணகிரி பழையபேட்டை சந்துகளில் காலை ஆறு மணிக்கு இரண்டு விதமான நாய் நடையைப் பார்க்கலாம். லாப்ரடார் வைத்திருப்பவர் இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, உடம்பைப் பின்னால் சாய்த்துக்கொண்டு வருவார். பொமரேனியன் வைத்திருப்பவர் ஒரு கையில் செல்போன், மறு கையில் கயிறு என்று நிம்மதியாக வருவார். நாய் மட்டும் முன்னங்கால் தரையில் பட்டும் படாமல் கர்... கர்... என்று மூச்சை இழுத்தபடி முன்னால் போகும். முதலாமவர் இரண்டே மாதத்தில் பயிற்சிக்கு ஆள் தேடுவார். இரண்டாமவர் தேடவே மாட்டார். அவர் கைக்கு அந்த இழுப்பு ஒரு பொருட்டில்லை.

சின்ன நாய்களின் இழுப்பு வருடக்கணக்கில் திருந்தாமல் கிடப்பதற்கு இதுதான் காரணம். 4 கிலோ நாய் 1 கிலோ அளவுக்கு இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கைக்கு அது ஒரு சர்க்கரைப் பாக்கெட்டின் கனம். நாய்க்கு அதன் உடம்பு எடையில் கால் பங்கு. 60 கிலோ மனிதர் ஒருவர் கழுத்தில் 15 கிலோவைக் கட்டிக்கொண்டு நடப்பது போல.

அந்த கர்... கர்... சத்தத்தை உற்சாகம் என்று எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. அது கழுத்துப் பட்டை மூச்சுக்குழாயை அழுத்தும் சத்தம். மூச்சுக்குழாய் குருத்தெலும்பு வளையங்களால் ஆனது. பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் போன்ற சிறு இனங்களில் இந்த வளையங்கள் வலுவிழந்து குழாய் தட்டையாகிப்போகும் நோய் அதிகம். வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் அதன் அடையாளம். பக், ஷிட்சூ போன்ற சப்பை மூஞ்சி நாய்களுக்கு மூச்சே ஏற்கெனவே திண்டாட்டம். கழுத்தில் அழுத்தம் ஏறினால் கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறும். நீள முதுகு டாக்‌ஷண்டுக்கு முதுகெலும்புத் தட்டு விலகும் ஆபத்து. வீட்டில் சும்மா இருக்கும்போதே வாத்து இருமல் வருகிற நாய் என்றால் முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பயிற்சி பிறகு.

கழுத்து பெல்ட்டைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. போன் நம்பர் பொறித்த வில்லையை மாட்ட அது தேவை. கயிறு மாட்ட மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். கயிற்றுக்கு ஹார்னஸ், அதாவது கழுத்தை அழுத்தாமல் நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை. அதிலும் நெஞ்சில் குறுக்கே ஒரே பட்டையாக ஓடும் ரகம் தோள் அசைவைத் தடுக்கும். முன்பக்கத்தில் ஆங்கில ஒய் எழுத்துப் போலப் பிரிந்து, தோள் மூட்டை விட்டுவிடும் ரகம்தான் நல்லது. கடைக்குப் போகும் முன் தையல் டேப்பை எடுத்து, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சின் சுற்றளவை அளங்கள். பொமரேனியனில் பாதி முடிதான், டேப்பை முடிக்குள் அமிழ்த்தி அளக்க வேண்டும். எஸ், எக்ஸ்எஸ் என்ற அட்டையை நம்ப வேண்டாம், ஒரு கம்பெனிக்கும் இன்னொன்றுக்கும் பொருந்தாது. மாட்டிய பிறகு பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டு விரல் என்பது பெரிய நாய்க்கான கணக்கு. 4 கிலோ நாய்க்கு அந்த இடைவெளி இருந்தால் பின்னால் நகர்ந்தே உருவிக்கொண்டு ஓடிவிடும். வீட்டுக்குள் சோதியுங்கள்: நாய்க்கு எதிரே நின்று கயிற்றை மெல்ல உங்கள் பக்கம் இழுத்துப் பிடிக்க, நாய் பின்வாங்கும். முழங்கை பட்டைக்குள் வந்துவிட்டால் தளர்வு. அக்குளில் சிவந்திருந்தால் இறுக்கம், இல்லாவிட்டால் பட்டை முன்னங்காலுக்கு மிக ஒட்டிப் போகிறது.

கயிறு 1.8 மீட்டர் நீளம், 10 முதல் 15 மில்லிமீட்டர் அகலம், இருப்பதிலேயே சின்னக் கொக்கி. ஆறடி எதற்கு என்று தோன்றும். நம் கை தரையிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாயின் முதுகு 25 சென்டிமீட்டரில். கையிலிருந்து முதுகுக்கு இறங்கவே இரண்டடிக்கு மேல் கயிறு போய்விடுகிறது. நாலடிக் கயிற்றை வாங்கி, அதையும் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டால் நாய் பக்கத்திலேயே நின்றாலும் கயிறு விறைப்பாகத்தான் இருக்கும். தளர்வு என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாமல் போகும். இரும்புச் சங்கிலி வேண்டாம். அதன் கனமே ஓர் ஓயாத இழுப்பு. பொத்தானை அழுத்தினால் நீண்டு தானாகச் சுருட்டிக்கொள்ளும் கயிறும் இந்தப் பயிற்சிக்கு எதிரி. அது எப்போதும் லேசாக இழுத்துக்கொண்டே இருக்கும், நாய் இழுத்தால் இன்னும் நீளும். இழுத்தால் கிடைக்கும் என்பதைச் சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல கருவி கிடையாது.

பிடிக்கும் விதத்தில்தான் பாதி வேலை இருக்கிறது. கயிற்றின் வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள், அது பாதுகாப்புக்கு. அதன் பிறகு கயிற்றை முஷ்டியால் பிடிக்காமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வத்தி பிடிப்பதுபோல் பிடியுங்கள். முஷ்டிக்குத் தெரியாத இழுப்பு இரண்டு விரலுக்குத் தெரியும். கயிறு விரலில் நழுவ ஆரம்பித்தால் அதுதான் இழுப்பு; கை வலிக்கும்வரை காத்திருந்தால் நாய் அதற்குள் நூறு தடவை இழுத்து முடித்திருக்கும். செல்போன் பையில் இருக்கட்டும்.

அடுத்தது தீனி. தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி 20 கிராம், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் இல்லாமல் வேகவைத்தது. அதை ஏறக்குறைய 60 துண்டாக நறுக்குங்கள். ஒரு துண்டு ஏறக்குறைய ஒரு பட்டாணி அளவுதான் வரும். போதும், நாய் எண்ணிக்கையைத்தான் பார்க்கும், அளவைப் பார்க்காது. 4 கிலோ நாய்க்கு ஒரு நாள் முழுக்கத் தேவை சுமார் 250 முதல் 300 கலோரி. அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாகப் போகக் கூடாது. அந்த 20 கிராம் கறியே அந்தப் பங்கை முடித்துவிடும். கறி சமைக்காத வீட்டில் பனீர்த் துணுக்கு, வேகவைத்த கேரட். களி மட்டும் வேண்டாம். இந்தப் பக்கம் நாயும் கேழ்வரகுக் களி தின்றே வளர்கிறது, உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நாக்கைச் சுழற்றிச் சுழற்றி நிற்கும், அரை நிமிடம் போய்விடும். பயிற்சித் தீனி ஒரு நொடியில் உள்ளே இறங்க வேண்டும். பாயசத்துக்கு வைத்திருக்கும் உலர் திராட்சை, சாக்லேட் இரண்டும் நாய்க்கு விஷம்.

இனி வார்த்தை. கிருஷ்ணகிரி வீடுகளில் இது தனிப் பிரச்சினை. பாட்டி தெலுங்கில் ‘ரா ரா’ என்பார், மாடிவீட்டுக்காரர் கன்னடத்தில் ‘பா பா’ என்பார், அம்மா ‘வாடா’ என்பார், பிள்ளைகள் ‘கம், கம்’ என்பார்கள். நாம் சமாளிப்போம். நாய்க்கு அது நாலு வெவ்வேறு சத்தம். மூன்றே வார்த்தை முடிவு செய்து காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். சரியாகச் செய்த நொடிக்கு ‘சபாஷ்’ (இந்த ஊரில் எல்லா மொழிக்காரருக்கும் வாயில் வருகிற சொல் அது). திரும்பி வர ‘வா’. மோந்து பார்க்க அனுமதிக்க ‘போ’. முதல் நாள் வீட்டில் உட்கார்ந்து, சபாஷ் என்று சொல்லி ஒரு துண்டு, சபாஷ் ஒரு துண்டு, இப்படி இருபது தடவை. சொல் முதலில், கை பிறகு. கை முதலில் பைக்குள் போனால் நாய் கையைத்தான் கவனிக்கும், சொல் வீண்.

தெருவுக்குப் போக அவசரப்பட வேண்டாம். முதல் மூன்று நாள் ஹார்னஸை மாட்டி, சோறு வைத்து, கழற்றுவது மட்டும். நாலாம் நாளிலிருந்து கயிறில்லாமல் ஹாலில் நடங்கள். நாய் உங்கள் காலருகே வந்ததும் சபாஷ், ஒரு துண்டு.

சின்ன நாயில் இங்கேதான் ஒரு சிக்கல் வரும். குனிந்து ஊட்டினால் உங்கள் முதுகு போகும். குனியாமல் கையை நீட்டினால் நாய் பின்னங்காலில் நின்று தாவும், தாவலே பழக்கமாகிவிடும். ஆகவே ஊட்டாதீர்கள், போடுங்கள். கையைத் தொடையோடு ஒட்டி, செருப்பின் வெளி ஓரத்தை ஒட்டித் துண்டு விழும்படி விடுங்கள். முன்னால் விழுந்தால் நாய் முன்னால் ஓடும், அதுவும் இழுப்புக்குப் பழக்குவதுதான். குதிகால் பக்கம் விழுந்தால் அது பின்தங்கி உங்களோடு சேரும். நாலைந்து நாளில் நாய் உங்கள் முகத்தைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடக்கும். அதுதான் வேண்டும். வெள்ளைத் தரையில் கோழித் துண்டு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மூக்கு கண்டுபிடித்துவிடும். மண் தெருவில் மட்டும் கொஞ்சம் பெரிய துண்டாகப் போடுங்கள். குனிய முடியாத, நாய் தரையில் தேடுவதும் பிடிக்காதவர்களுக்கு நீளக் காம்பு மரக்கரண்டி. நுனியில் கெட்டித் தயிர் தடவி, செருப்பு உயரத்துக்கு இறக்கினால் நக்கிக்கொண்டே வரும்.

ஹாலில் பழகியதும் கயிறை மாட்டி அதையே செய்யுங்கள். கயிறு நடுவில் தொட்டில் துணிபோல் தொய்ந்து தொங்க வேண்டும். ஓர் அடிக்கு ஒரு துண்டு, பிறகு இரண்டு அடிக்கு, மூன்று அடிக்கு என்று பத்து வரை. எந்த எண்ணில் தவறுகிறதோ அதில் பாதிக்கு இறங்கி மறுபடி ஏறுங்கள். உங்கள் ஓர் அடிக்கு அது மூன்று நாலு அடி வைக்கிறது என்பதை மறக்காமல், மெதுவாக நடங்கள்.

அடுத்த இடம் கேட். தெருவில் நடக்கும் இழுப்பெல்லாம் கேட்டைத் திறக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கேட்டை ஒரு சாண் திறங்கள். நாய் பாய்ந்தால் மூடுங்கள். கத்த வேண்டாம், ஒன்றும் சொல்ல வேண்டாம். மூக்கு இடையில் மாட்டாமல் மெல்ல மூடுங்கள். நாலு கால் தரையில் நின்றால் திறங்கள். முதல் நாள் பத்துப் பன்னிரண்டு தடவை மூட வேண்டிவரும், பால்காரர் வேடிக்கை பார்ப்பார். ஒரு வாரத்தில் இரண்டு தடவையில் முடியும்.

தெருவில் முதல் இரண்டு வாரம் வீட்டு முன் இருபது மீட்டர், போவதும் வருவதும், ஏழெட்டு நிமிடம், காலை ஒருமுறை மாலை ஒருமுறை. அவ்வளவுதான். நாயை எப்போதும் இடப்பக்கம் வைக்க வேண்டும் என்பது போட்டி மைதானத்து வழக்கம். நடைபாதை இல்லாத நம் தெருவில் வண்டி எதிரே தெரியும்படி வலது ஓரமாக நடப்பதுதான் பத்திரம்; அப்போது நாய் உங்கள் வலப்பக்கம், சுவர் ஓரமாக இருக்கட்டும். கயிறு இடது கையில், தீனி வலது கையில்.

கயிறு இறுகிய நொடியில் நில்லுங்கள். இறுகிய பிறகு இரண்டடி எடுத்து வைத்தால் அந்த இரண்டடியும் இழுப்புக்குக் கொடுத்த கூலி. திருப்பி இழுக்கவும் கூடாது, வெடுக்கென்று சுண்டவும் கூடாது. சுண்டினால் ஹார்னஸ் போட்டதன் பயனே போய்விடும், நாயும் பதிலுக்குக் காலை ஊன்றி இன்னும் இழுக்கும். கம்பம்போல் நின்றால் சிறிது நேரத்தில் திரும்பிப் பார்க்கும், இல்லை ஓரடி பின்னால் வரும், கயிறு தொய்யும். சபாஷ் சொல்லி நடங்கள். தீனியை அங்கேயே போடாதீர்கள். நாலைந்து தளர்ந்த அடி நடந்த பிறகு, செருப்பருகில். உடனே போட்டால் புத்திசாலி நாய் ஒரு கணக்குப் போட்டுவிடும்: இழு, திரும்பு, தின்னு, மறுபடி இழு. ‘நின்னு பாத்துட்டோம், பலிக்கலை’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தெரியாமல் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு கலவரம் வரும். குரைக்கும், கயிறைக் கடிக்கும், முன்பைவிட மூர்க்கமாக இழுக்கும். இதுவரை பலித்த வழி அடைபட்டதால் இன்னும் பலமாக முட்டிப் பார்க்கிறது. ‘சரி, இன்னைக்கு மட்டும்’ என்று அன்று விட்டுக்கொடுத்தால், பலமாக இழுத்தால்தான் பலிக்கும் என்று படித்துக்கொள்ளும். மருந்து வாங்க அவசரமாகப் போகிற நாளில் என்ன செய்வது? தூக்கிக்கொள்ளுங்கள். சின்ன நாய் வைத்திருப்பவருக்கு மட்டும் உள்ள வசதி இது. பயிற்சி செய்ய நேரமில்லாதபோது நாயின் கால் தெருவில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும், கற்றது கெடாது.

கோழித் துண்டைவிடப் பெரிய கூலி ஒன்று தெருவிலேயே இருக்கிறது: வாசனை. மின்கம்பம், பைக் சக்கரம், சாக்கடை ஓரத்துச் செடி. நாய் கம்பத்தைப் பார்த்துத் துடிக்கும்போது நில்லுங்கள். கயிறு தொய்ந்ததும் மூன்று அடி ஒழுங்காக நடந்து, ‘போ’ என்று சொல்லி நீங்களும் கம்பம்வரை கூடவே போங்கள். அரை நிமிடம் மோந்து பார்க்கட்டும். இழுத்துக்கொண்டு போனால் கம்பம் கிடைக்காது, தொய்ந்த கயிறோடு போனால் கிடைக்கும். இது புரிந்துவிட்டால் பிறகு கோழி பாதியாகக் குறையும்.

மே முதல் ஜூலை வரை இந்த ஊரில் பயிற்சிக்குப் பெரிய எதிரி மாங்கொட்டை. செந்தூரா சீசனில் பஸ் ஸ்டாண்ட் பக்கம், தள்ளுவண்டி ஓரம், வீட்டுத் திண்ணையடி எங்கும் சப்பிப் போட்ட கொட்டைகள். நாரும் இனிப்புமாக நாய்க்கு அதைவிட்டால் வேறில்லை. நன்றாகப் பழகிய நாய்கூட அங்கே பாயும். ஆபத்து என்னவென்றால், சின்ன நாய் விழுங்கிய கொட்டை குடலில் அடைத்துக்கொள்ளும். வாந்தி, சாப்பிடாமை, மலம் போகாமை தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், அடுத்த நாள் பார்க்கலாம் என்று விட முடியாது. ஆகவே ஏப்ரலிலேயே ‘விடு’ என்ற நாலாவது சொல்லைச் சேர்த்துவிடுங்கள். மூடிய முஷ்டிக்குள் துண்டை வைத்து நாய் முன் நீட்டுங்கள். நக்கும், பிராண்டும். மூக்கை எடுத்த நொடியில் சபாஷ் சொல்லி மறு கையிலிருந்து வேறு துண்டு கொடுங்கள். பிறகு திறந்த கை, பிறகு தரையில் செருப்புக்கு அடியில், கடைசியாகத் தரையில் வெறுமனே. காய்ந்த மாங்கொட்டை ஒன்றை நீங்களே தெருவில் வைத்து, கயிறு எட்டாத தூரத்தில் கடந்து நடந்து பழக்குங்கள். ஏற்கெனவே வாயில் கவ்விவிட்டால் பிடுங்கப் போகாதீர்கள். பிடுங்க வருகிறார்கள் என்று தெரிந்தால் விழுங்கிவிடும். கைநிறையக் கோழித் துண்டைத் தரையில் கொட்டினால் கொட்டையைத் துப்பிவிட்டு அதற்கு வரும்.

தெருநாய்களைப் பொறுத்தவரை பயிற்சியை மறந்துவிட்டு விலகுவதுதான் சரி. இருபது மீட்டருக்கு அப்பால் கூட்டத்தைக் கண்டதும், உங்கள் நாய் முறைக்கத் தொடங்கும் முன், ‘வா’ சொல்லித் திரும்புங்கள். நெருங்கிவிட்டால் நடுவில் நீங்கள் நின்று, பையில் இருக்கும் பிஸ்கட்டை அவற்றுக்குப் பின்னால் போகும்படி வீசிவிட்டு ஓடாமல் நடந்து விலகுங்கள். தூக்குவதானால் தூரத்தில் இருக்கும்போதே தூக்குங்கள். மூக்கோடு மூக்கு வந்த பிறகு தூக்கினால் அவை உங்கள் மேல் தாவும். கயிற்றைப் பிடித்து அலேக்காகத் தூக்குவது தவறு. ஒரு உள்ளங்கை முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சுக்கடியில், இன்னொன்று பின்பாகத்துக்கடியில். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடாத குட்டியைத் தெருவில் இறக்கவே வேண்டாம். உங்களுக்குக் கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு.

வெயில் காலத்தில் தார் ரோட்டிலும், வாசலில் பதித்த கிரானைட்டிலும் புறங்கையை 7 நொடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் நாய்க்கும் முடியாது. கோடையில் சில நாய் திடீரென்று இழுத்துக்கொண்டு ஓடுவது அடம் இல்லை, பாதம் சுட்டு நிழலுக்கு ஓடுகிறது.

தினமும் இரண்டு வேளை விடாமல் செய்தால் பெரும்பாலான நாய்கள் மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் தங்கள் தெருவில் தொய்ந்த கயிறோடு நடக்கும். புதுத் தெருவில் மறுபடி இழுக்கும். அங்கே ஓர் அடிக்கு ஒரு துண்டிலிருந்து தொடங்குங்கள், இந்த முறை இரண்டு மூன்று நாளில் பத்து அடிக்கு ஏறிவிடும். ஊருக்குப் போய் ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தால் கேட்டிலிருந்து தொடங்க வேண்டும். வெயிலுக்கு முடி வெட்டிக்கொண்டு வந்தாலும் ஒரு வேலை இருக்கிறது: முதல் நாள் பொருந்திய ஹார்னஸ் அன்றைக்கு இரண்டு விரல் தளர்ந்திருக்கும். கேட்டைத் திறப்பதற்கு முன் பட்டைகளை மறுபடி அளந்து இறுக்குங்கள்.